தூசியும் சுவாசமும்



இந்த வாரத் தியானத்தை எழுத உட்கார்ந்தபோது நம் திருப்புலி நாட்டின்மேல் மேகம் இறங்கியிருந்தது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. அவற்றிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. கைபேசியில் மிச்சமிருந்த மின்சக்தியைக் கொண்டு, பெங்களூரில் வேலை பார்க்கும் நம் சபைத் தம்பி ஒருவர் அனுப்பிய பழைய சிம்பொனி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இசைப் பொறியாளர்கள் தூசி தட்டிப் புதுப்பித்த பதிவு அது. ஏறத்தாழ எழுபது நிமிடம் ஓடும். கேட்டு முடித்தபின் நெடுநேரம் எழுதத் தோன்றவில்லை. ஏன் என்பதை இன்று உங்களிடம் சொல்லவேண்டும்.

அந்தப் பதிவு எனக்குப் புதியதன்று. 1990களின் தொடக்கத்தில் நான் இறையியல் கல்லூரியில் படித்தபோது, சபை இசை கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் தம் அறையில் கேசட் போட்டுக் கேட்கவைப்பார். அப்படி ஒரு மாலையில் ஒலித்தது குஸ்தாவ் மாலரின் ஒன்பதாவது சிம்பொனி. பழைய இசைத்தட்டுகளிலிருந்து கேசட்டுக்கு ஏற்றியது. எனக்கு இசையைவிட இரைச்சலே அதிகம் கேட்டது. எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் தொடக்கமுதல் முடிவுவரை ஒரே படபடப்பு. முகம் சுளித்த என்னைப் பார்த்து ஆசிரியர் சிரித்தார். "கடுகை விட்டுவிடு தம்பி, குழம்பைக் கவனி" என்றார். அன்று எனக்கு அது கைகூடவில்லை.

இம்முறை ஹெட்போனில் கேட்டபோது கடுகுச் சத்தம் பெரும்பாலும் அடங்கியிருந்தது. அதன் அடியில் கனத்த தந்தி வாத்தியங்கள் ஒலித்தன. வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்வது தெரிந்தது. இன்னொன்றும் கேட்டது. அரங்கில் இருந்தவர்கள் இருமினார்கள். ஒருவரல்லர், பலர். அது குளிர்காலம் அல்லவா! இரைச்சலை இவ்வளவு நுணுக்கமாகத் துடைத்த பொறியாளர் இருமலை ஏன் விட்டுவைத்தார் என்று முதலில் எரிச்சல் வந்தது. பின்பு அந்தப் பதிவின் வரலாறு நினைவுக்கு வந்தது.

அது 1938ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் வியன்னா நகரின் மூசிக்ஃபெரைன் அரங்கில் பதிவானது. வியன்னா பில்ஹார்மோனிக் குழுவை நடத்தியவர் புரூனோ வால்டர். இந்தச் சிம்பொனியை எழுதிய மாலர் அதை ஒருமுறைகூடக் கேளாமலே 1911இல் மறைந்தார். அடுத்த ஆண்டில் அதை முதன்முறையாக மேடையேற்றியவரும் இதே வால்டர்தான். இளமையில் மாலரிடம் உதவியாளராக இருந்து வளர்ந்தவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் அதே குழுவோடு அதே இசை. முதல் வயலினுக்குத் தலைமை தாங்கியவர் அர்னால்டு ரோசே. மாலரின் தங்கையை மணந்தவர்; 1881முதல் அந்தக் குழுவில் வாசித்துவந்தவர்.

அந்தக் கச்சேரிக்குப்பின் எட்டு வாரங்களில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. வால்டர் யூதர், அவரால் அப்போது வியன்னாவுக்குத் திரும்ப இயலவில்லை. ரோசேயும் யூதர், அரைநூற்றாண்டுக்கும் மேலாக அமர்ந்த நாற்காலியை இழந்து லண்டனில் அடைக்கலம் புகுந்து, 1946இல் அங்கேயே இறந்தார். அவருடைய மகள் அல்மா ரோசே 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர்விட்டார். அன்று மேடையில் இருந்த குழுவினர் சிலருக்கும் நாஜிகளின் கையாலேயே முடிவு நேர்ந்தது. அதே குழுவில் நாஜிக் கட்சியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். துன்புறப்போகிறவனும் துன்புறுத்துகிறவர்களின் பக்கம் நிற்பவனும் ஒரே சுருதியில் வாசித்த இசை, ஒரே தட்டின் ஒரே வரிப்பள்ளத்தில் பதிந்திருக்கிறது.

அப்படியானால் இருமியவர்கள் யார்? அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்களுள் எத்தனைபேர் அடுத்த குளிர்காலத்தில் அந்த நகரில் இருந்தார்கள் என்பதும் தெரியாது. அவர்கள் அங்கே உயிரோடு உட்கார்ந்திருந்ததற்கு அந்தச் சிறு இருமலே சாட்சி. இதை எண்ணியபோது என் எரிச்சல் வெட்கமாக மாறியது.

இந்தப் பதிவுக்கும் நம் நாட்டுக்கும் இரண்டு உறவுகள் உண்டு. முதலாவது மனிதர். வியன்னாப் பதிவை முன்னின்று நடத்திய ஃபிரெட் கெய்ஸ்பர்க், 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தவர். அந்நாளில் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாகின. அங்குள்ள தொழிலாளர்களுக்கு எது யாருடைய குரல் என்று தெரியவேண்டுமே. ஆகவே பாடி முடித்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். பாட்டோடு பெயரும் தட்டில் நிலைத்தது.

இரண்டாவது உறவு பொருள். அக்காலத்து இசைத்தட்டு அரக்கினால் ஆனது. நம் நாட்டுக் காடுகளில் புரசு போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. உலகத்துக்கு அதைப் பெருமளவில் அனுப்பியது இந்தியா. கல் பொடியையும் கரியையும் அதனோடு கலந்து தட்டாக அழுத்தினார்கள். அந்தக் கல் பொடிதான் உரசி, எஃகு ஊசியைப் பள்ளத்துக்கு ஏற்றபடி தேய்த்தது. நாம் கேட்கும் இரைச்சலுக்கும் அதுவே பெரிய காரணம். இசையைத் தாங்கி நிற்பதும் இசையை மறைப்பதும் ஒரே பொருள். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

அன்பானவர்களே, பழைய தட்டை எப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சுருக்கமாகத் தருகிறேன்.

ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிட இசையே அடங்கும். ஆகவே இந்தச் சிம்பொனி பத்துத் தட்டுகளில் இருபது பக்கங்களாக வெளிவந்தது. முதல் வேலை, அவற்றுள் தேய்மானம் குறைந்த பிரதியைத் தேடிப் பிடிப்பது. அடுத்தது கழுவுவது. சாராயம் பட்டால் அரக்கு கரையும். ஆகவே அது கலவாத நீரால் மெல்லக் கழுவவேண்டும். வல்லமையான மருந்து எல்லா அழுக்குக்கும் ஏற்றதன்று. மூன்றாவது ஊசி. இந்தத் தட்டுகளின் பள்ளம் பிற்காலத்து எல்.பி. தட்டின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். பல அளவு ஊசிகளை வைத்துப் பார்த்து, தேயாத ஆழத்தைத் தொடும் ஊசியைத் தேர்கிறார்கள். நான்காவது வேகம். நிமிடத்துக்கு 78 சுழற்சி என்பது பெயருக்குத்தான். தட்டுக்குத் தட்டு சிறிது மாறும். வேகம் பிசகினால் சுருதி பிசகும். வாத்தியங்களின் சுருதியைக் கொண்டே சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் கணினி வருகிறது. கீறலால் வரும் சொடுக்கொலியை நீக்கி, அந்த நொடித்துளியின் முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து இடைவெளியை நிரப்புகிறார்கள். இசை இல்லாத இடத்தில் இரைச்சலை மட்டும் தனியே அளந்து, அந்த அளவை இசையிலிருந்து கழிக்கிறார்கள்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கழிப்பதை நிறுத்தத் தெரியவேண்டும். இரைச்சல் இருக்கும் அதே உயர்ந்த ஒலிகளில்தான் வயலின் வில்லின் உரசலும் பாடுகிறவரின் மூச்சும் அரங்கின் காற்றும் இருக்கின்றன. இரைச்சல் முழுவதும் ஒழியட்டும் என்று பிடிவாதமாகத் துடைத்தால் இவையும் போய்விடும். மிஞ்சுவது, தண்ணீருக்கடியில் வாசித்ததுபோன்ற செத்த ஒலி. தம்பி சொன்னார்: "ஐயா, இரைச்சலை எடுக்கிறது மிசினுக்குத் தெரியும். எங்கே நிறுத்தணும்கிறது, அந்த வாத்தியத்தை நேரில் கேட்டுப் பழகின காதுக்குத்தான் தெரியும்."

இதைக் கேட்டபோது நான் ஒருவரை நினைத்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. உங்களில் பலருக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். அவருடைய மகளிடம் கேட்டு, அவர் சம்மதித்த பின்பே எழுதுகிறேன்.

மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர் அவர். குரல் முரடு. பாட்டில் எப்போதும் அரை அடி பின்தங்கி வருவார். ஆனால் எல்லாருக்கும் மேலாகக் கேட்பார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காகக் கிறிஸ்துமஸ் பாட்டுகளைக் கைபேசியில் பதிவு செய்தோம். முதல்முறை பாடியபோது அவருடைய குரல் மற்றெல்லாரையும் மூடிவிட்டது. நான் அதை அழித்தேன். பிறகு அவரைத் தனியே அழைத்து, "இந்த ஒருமுறை மட்டும் பாடாமல் இருங்கள், பதிவு சுத்தமாக வரவேண்டும்" என்றேன். "சரிங்கையா" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் அமர்ந்தார். பதிவு சுத்தமாக வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

ஒருமுறை மட்டும் என்றுதான் நான் சொன்னேன். அதன்பின் அவர் எந்த ஞாயிறும் பாடவில்லை. ஆராதனைக்குத் தவறாமல் வருவார்; கதவோரம் நிற்பார்; பாட்டு வேளையில் உதடு அசையாது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், பாட்டு ஒழுங்காக இருக்கிறதே என்று உள்ளூர மகிழ்ந்தேன். இதைச் சொல்ல என் நா கூசுகிறது. ஆயினும் சொல்லாமல் இந்தத் தியானம் உண்மையாகாது.

சென்ற மழைக்காலத்தில் அவர் இறந்தார். அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். இரண்டு வாரம் கழித்து அவருடைய மகள் வந்தார். "ஐயா, எங்கப்பா பாடுனது உங்க போன்ல எதுலயாச்சும் இருக்குதுங்களா? குரலக் கேக்கணும்போல இருக்குது" என்றார்.

என்ன விடை சொல்ல முடியும்? அவருடைய குரல் இருந்த ஒரே பதிவை அழித்தவன் நான். அவர் இல்லாத பதிவுதான் என்னிடம் இருந்தது. ஆனாலும் அதையே போட்டோம். முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே சிறிது மௌனம். அந்த மௌனத்தில் யாரோ இருமினார்கள். அந்தப் பெண் நிமிர்ந்து, "இது அப்பாதானுங்க" என்றார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போட்டேன். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றித் திருத்திய தம்பி, "நடுவுல ஒரு இருமல் வருது, வெட்டிடட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. வெட்டிவிடு என்றுதான் நான் சொன்னேன். அவர் மறந்துவிட்டார். அந்த மறதிக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். அதே தம்பிதான் இப்போது பெங்களூரில் இருக்கிறார். நடந்ததைக் கேள்விப்பட்டபின் வியன்னாப் பதிவை எனக்கு அனுப்பியவரும் அவரே. "இதிலும் இருமலை விட்டு வெச்சிருக்காங்க ஐயா" என்று மட்டும் எழுதியிருந்தார்.

பிரியமானவர்களே, மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கோதுமையும் களையும் பற்றிய உவமையை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலைக்காரர்களை எஜமான் தடுத்தார். களையோடு கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்று அஞ்சினார். சாமைக் கொல்லையில் களை எடுத்த கைகள் உங்களுடையவை. முளைத்த சில நாளில் எது சாமை, எது புல் என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது என்பதை எனக்குக் கற்பித்தவர்களே நீங்கள்தாம். நானோ என் சபையிலேயே பழகாத கண்ணோடு களை எடுத்தேன்.

இதனால் அழுக்கு அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லுவதாக எண்ணவேண்டாம். தட்டின்மேல் படிந்த தூசி தூசிதான். அதைக் கழுவத்தான் வேண்டும். பாவம் பாவந்தான். ஆனால் நமக்கு இடைஞ்சலாக இருப்பதெல்லாம் பாவமன்று. முரட்டுக் குரல் பாவமன்று. தாளம் தப்புவது பாவமன்று. கைக்குழந்தை அழுவதும், முதியவர் ஜெபத்தை நீட்டுவதும், புதிதாய் வந்தவர் எழவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பதும் பாவமல்ல. இவை அரங்கின் காற்று. உயிருள்ளவர்கள் இங்கே கூடியிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

நம் மலையில் சிறுவனாக வளர்ந்த மருத்துவர் பால் பிராண்டைப் பற்றி நம் வீடுகளில் இன்றும் பேசுகிறோம். வேலூரில் அவர் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலை செய்யும் தசைநார் ஒன்றை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைத்தார். அந்தக் கை நோய்க்கு முன்பிருந்ததுபோல் ஆகிவிடவில்லை, தழும்பு இருந்தது, போன உணர்ச்சியும் திரும்பவில்லை. ஆனால் விரல் நிமிர்ந்தது. அந்தக் கை மறுபடியும் சோறு எடுத்தது, வேலை செய்தது. சீர்ப்படுத்துவது என்றால் இதுதான். கை அந்த மனிதனுடைய கையாகவே இருக்கவேண்டும்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரின் சரீரத்திலும் காயங்களின் தழும்பு இருந்தது என்று யோவான் 20:27 நமக்குக் காட்டுகிறது. மரணத்தையே வென்றவருக்குத் தழும்பை அகற்றுவது கடினமா? அவர் அதை வைத்துக்கொண்டார். தோமா அதைக் கொண்டே அவரை அறிந்துகொண்டான். அந்தப் பெண் தன் தகப்பனை இருமலைக் கொண்டு அறிந்துகொண்டதுபோல.

அரக்கைப் பற்றிச் சொன்னதற்குத் திரும்ப வருகிறேன். இசையைத் தாங்குவதும் மறைப்பதும் ஒரே பொருள் என்றேன். நாமும் அப்படியே. ஆதியாகமம் 2:7இன்படி மனிதன் மண்ணும் ஜீவசுவாசமும் சேர்ந்தவன். மண்ணை முழுவதும் நீக்கிவிட்டால் சுவாசம் தங்குவதற்கு இடம் இல்லை. நம்மைச் சுத்திகரிக்கிறவர் இதை அறிந்தவர். எங்கே கைவைக்கவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று அறிந்தவர். ஏனெனில் ஒவ்வொருவருடைய குரலும் தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும். அந்தக் காது எனக்கு இல்லை. ஆகையால் என் கை மெதுவாகவே இருக்கவேண்டும்.

இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி, பெற்றோர் இருந்தால் அவர்கள் அருகில் அமர்ந்து கைபேசியில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பாடச் சொல்லுங்கள், பழைய கதை சொல்லச் சொல்லுங்கள். சேவல் கூவினால் கூவட்டும், அடுப்பில் ஏதாவது கொதித்தால் கொதிக்கட்டும். கடைசியில் அவர்கள் பெயரையும், அவர்களுடைய நாட்டையும் ஊரையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். எதையும் வெட்டாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் ஒரு சொல்லால் வாய் மூடிப்போனவர் யாராவது இருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். அவர் உயிரோடு இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். எனக்கு அந்த வாய்ப்பு கடந்துபோயிற்று. கதவோரம் நின்றவரிடம் எட்டு ஆண்டுகளாக நான் போகவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழு தனியாகப் பாடாது. எல்லாரும் சேர்ந்து பாடுவோம். பின்தங்குகிறவர்கள் பின்தங்கட்டும், அவர்கள் வந்து சேரும்வரை காத்திருப்போம்.

ஆண்டவரே, நாங்கள் அடைத்துவிட்ட குரல்களை நீர் மறக்கவில்லை. எங்கள் கைகளுக்குப் பொறுமையையும் எங்கள் காதுகளுக்கு அன்பையும் தாரும். ஆமென்.

கர்த்தருக்குள் உங்கள் ஊழியன்,
உங்கள் போதகர்,
திருப்புலி நாடு, கொல்லிமலை